உமிழ்நீர்ச் சுரப்பியா, சிறுநீரகமா: வளராத ஒரு பிள்ளையின் நிகழ்வு ஆய்வு

இலங்கையின் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்த 11 வயதுச் சிறுமி, நான் பணியாற்றும் மலையக ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு விடியற்காலையில் கொழுந்து லொறியில் கொண்டுவரப்பட்டாள். முதல்நாள் பாடசாலைக்குப் போய்வந்தவள், இரவில் இரண்டு தடவை தன் காலாலேயே எழுந்து வெளியே போய்வந்தவள், தாய் காலையில் வேலை பகிரும் பிரட்டுக்குப் புறப்படுமுன் எழுப்பியபோது கையையும் காலையும் அசைக்க முடியாமல் கிடந்தாள். நினைவு தெளிவாக இருந்தது, பேச்சும் மூச்சும் சீராக இருந்தன, காய்ச்சல் இல்லை. தலையணையிலிருந்து தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. ஈசிஜி வரைபடத்தில் பொட்டாசியக் குறைவுக்குரிய மாற்றங்கள் தெரிந்தன. இரத்தத்தில் பொட்டாசியம் லீற்றருக்கு 2.1 மில்லிமோல் மட்டுமே இருந்தது, 3.5க்குக் கீழே போனாலே குறைவு என்கிறோம்.

பொட்டாசியத்தை நாளம் வழியாக மெதுவாகக் கொடுத்தோம். அன்று மாலை கையை உயர்த்தினாள். மறுநாள் காலை வார்ட்டுக்குள் நடந்தாள். தாய்க்கு அன்றே வீட்டுக்குப் போகவேண்டும் என்ற அவசரம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். நாங்களும் பொட்டாசியப் பாணியைக் கொடுத்து அனுப்பியிருப்போம். அப்படி அனுப்பாமல் தடுத்தது உயரம் அளக்கும் பலகைதான். 11 வயது நிறைந்த பிள்ளையின் உயரம் 121 சென்ரிமீற்றர், நிறை 20 கிலோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி அந்த வயதுப் பெண்பிள்ளையின் நடு உயரம் 145 சென்ரிமீற்றர். இவளுடைய உயரம் வளர்ச்சி வரைபடத்தில் நியம விலகலின் மூன்றாம் கோட்டுக்கும் கீழே விழுந்தது. தாய் 150, தந்தை 160 சென்ரிமீற்றர் உயரமுள்ளவர்கள். அந்தக் கணக்கில் இவள் வளர்ந்து முடிக்கும்போது 148 சென்ரிமீற்றர் வாக்கில் இருக்கவேண்டும். ஆகவே பெற்றோரின் உயரத்தைக் காட்டி இதை விளக்கிவிட முடியாது.

தாயை உட்காரவைத்துக் கதையை மறுபடி கேட்டபோது மூன்று விடயங்கள் வெளிவந்தன. தாயின் பார்வையில் அவை மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

முதலாவது, கன்ன வீக்கம். கடந்த மூன்று ஆண்டுகளில் நான்கு தடவை பிள்ளையின் காதடி இருபுறமும் வீங்கி, ஒரு கிழமை இருந்து, தானாக வற்றியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கூகைக்கட்டு என்றே சொல்லப்பட்டது. பாட்டி இதைப் பொன்னுக்குவீங்கி என்று சொல்லி, வீட்டிலிருந்த ஒரே தங்கச் சங்கிலியை அடகுக்கடையிலிருந்து மீட்டுவந்து, வீக்கம் வற்றும்வரை பிள்ளையின் கழுத்தில் போட்டிருக்கிறார். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிலோ கூகைக்கட்டுக்கும் சேர்த்துப் போடப்படும் எம்எம்ஆர் தடுப்பூசி 9 மாதத்திலும் 3 வயதிலும் ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தது. கூகைக்கட்டு பொதுவாக ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான் வரும். தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு நான்கு தடவை வந்தது என்று எழுதிய கைகள் எதுவும் அந்த எண்ணிக்கையைப் பார்த்து நின்று யோசிக்கவில்லை.

இரண்டாவது, தண்ணீர். "ராவுல நாலு தடவ எந்திரிக்கிறா டொக்டர், நானும் டோர்ச் எடுத்துக்கிட்டு கூடப் போகணும்" என்றார் தாய். வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவைத் தாண்டித்தான் மலசலகூடம். மார்கழிக் குளிரில் இரவுக்கு நான்கு தடவை அந்தத் தூரம் போய்வருவது இருவருக்கும் பழகிப்போயிருந்தது. பகலிலும் பிள்ளை தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் எங்கும் போகமாட்டாள். ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்தே தின்பாள். தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித் தின்பவர்கள் என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை.

மூன்றாவதைத் தாய் தயங்கித்தான் சொன்னார். கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்யும் தாய்மாமன், உமிழ்நீர்ச் சுரப்பியில் எலும்பை வளர்க்கும் ஹோர்மோன் ஒன்று சுரக்கிறது, சுரப்பி பழுதானால் பிள்ளை குட்டையாகிவிடும் என்று கைத்தொலைபேசியில் எங்கோ வாசித்து, எங்கிருந்தோ வரவழைத்த குளிசைப் போத்தல் ஒன்றை அனுப்பியிருந்தார். இரண்டு மாதமாகப் பிள்ளை நாளுக்கு இரண்டு விழுங்கிவந்திருக்கிறாள். போத்தலின் சிட்டையில் இருந்ததை நான் வாசித்தேன்: மாட்டின் கன்னச் சுரப்பியை உலர்த்திப் பொடித்த தூள். மாட்டிறைச்சி வீட்டு வாசலைத் தாண்டாத குடும்பம் அது. அன்று அதைத் தாயிடம் சொல்லவில்லை. நிறுத்திவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். சில மாதங்கள் கழித்து மாமன் நேரில் வந்தபோதுதான் சொன்னேன். அது சரியான முடிவா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

அந்த மாமனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கன்ன வீக்கத்தையும் வளராத உடம்பையும் ஒரே நோயின் இரு முகங்களாகச் சேர்த்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான். வைத்தியர்களாகிய நாங்கள் அல்ல. கிளினிக் கொப்பியில் 14 மாதங்களுக்கு முந்திய பக்கம் ஒன்றில் என் கையெழுத்தே இருக்கிறது: "வளர்ச்சி குன்றியவள், இரத்தம் குறைவு, பூச்சி மாத்திரை, இரும்புச்சத்து." அன்று உயரத்தை எழுதியிருக்கிறேன், கோட்டில் குறிக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய மக்கட்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை குட்டையாக இருக்கும் இடத்தில் குட்டையாக இருப்பது நோயின் அறிகுறியாகத் தெரிவதில்லை. ஊரின் இயல்பாகத் தெரிகிறது. போசாக்கின்மை என்ற விடை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது சரியான விடையாகவும் இருப்பதுதான் ஆபத்து.

பிள்ளையைப் பரிசோதித்தபோது மணிக்கட்டுகள் இரண்டும் பருத்திருந்தன. முழங்கால்களுக்கிடையே மூன்று விரல் இடைவெளி இருந்தது. நாக்கு உலர்ந்து வெடித்திருந்தது. படுக்கையருகில் அரைக் கிறீம் கிரேக்கர் பிஸ்கட்டைக் கொடுத்துத் தண்ணீர் இல்லாமல் தின்னச் சொன்னேன். கடித்தாள், மென்றாள், ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள், பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டு, வாயை மூடியபடி என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். மாவு வாய்க்குள் அப்படியே ஒட்டிக்கிடந்தது. எங்கள் பல்வைத்தியர் பார்த்துச் சொன்னது அதைவிடக் கூர்மையானது: சூத்தை ஈறோரத்தில் வளையமாக ஓடியிருக்கிறது, அதுவும் கீழ் முன்பற்களில். நாக்கடியில் உமிழ்நீர் எந்நேரமும் தேங்கி நனைக்கும் இடம் அது; இனிப்புத் தின்னும் பிள்ளைகளுக்கும் அந்தப் பற்கள் கடைசியாகத்தான் கெடும். அவை முதலில் கெட்டால், நனைக்கவேண்டிய நீர் இல்லை என்று பொருள்.

இரத்த அறிக்கைகள் வந்தன. சோடியம் 138, குளோரைட்டு 114, அமிலத்தைச் சமன்செய்யும் காரமான பைகாபனேற்று 13 மில்லிமோல். நாள இரத்தத்தின் பிஎச் 7.26. இரத்தம் அமிலமாகியிருந்தது. சோடியத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் வரும் இடைவெளி 11. அது இயல்பான அளவு என்பதால், வெளியிலிருந்து சேர்ந்த அமிலமோ உடலில் பெருகிய அமிலமோ காரணம் அல்ல. வயிற்றோட்டம் இல்லாத பிள்ளைக்கு இப்படி வந்தால் சிறுநீரைப் பார்க்கவேண்டும். இரத்தம் இவ்வளவு அமிலமாக இருக்கும்போது ஆரோக்கியமான சிறுநீரகம் சிறுநீரின் பிஎச்சை 5.5க்குக் கீழே இறக்கி அமிலத்தை வெளியேற்றும். இவளுடைய சிறுநீரின் பிஎச் 7. சிறுநீரில் கல்சியம் மிகுதியாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்கானில் இரு சிறுநீரகங்களின் உட்பகுதியிலும் கல்சியம் படிந்து வெண்மையாகத் தெரிந்தது. இரத்தத்தில் பொஸ்பேட் குறைவு, எலும்பு நோயில் உயரும் நொதியமான அல்கலைன் பொஸ்படேஸ் 820. விற்றமின் டி போதுமான அளவிலும் தைரொயிட் இயல்பாகவும் இருந்தன. மணிக்கட்டின் எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டுகளின் ஓரம் கிண்ணம்போல் குழிந்து, கிழிந்த துணியின் விளிம்புபோல் சிலும்பியிருந்தது; எலும்பு வயது 8. ஆக, இது எலும்பு இறுகாமல் மென்மையாகி வளையும் ரிக்கெற்ஸ். வெயிலும் விற்றமினும் போதாமல் வந்த ரிக்கெற்ஸ் அல்ல. சிறுநீரகத்தின் சேய்மைக் குழாய்கள் அமிலத்தை வெளித்தள்ள முடியாததால் வந்தது.

பிறவியிலேயே இப்படி வருவதுண்டு; அதன் ஒரு வகையில் காதும் கேட்காமல் போகும். இவளுடைய செவிப்புலன் சரியாக இருந்தது. அதைவிட முக்கியமாக, பிறவி வகை எதுவும் நான்கு தடவை வீங்கிய கன்னத்தையும் உலர்ந்த வாயையும் விளக்காது. கண்ணில் வடிதாள் துண்டை வைத்துப் பார்த்ததில் 5 நிமிடத்தில் 3 மில்லிமீற்றர்தான் நனைந்தது; 5 அல்லது அதற்குக் குறைவாக நனைந்தால் கண் வறண்டது என்று கொள்வோம். தன் உடலையே எதிர்க்கும் ரோ, லா என்னும் பிறபொருளெதிரிகள் இரண்டும் இருந்தன. கீழுதட்டின் உட்புறத்திலிருந்து எடுத்த சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் நிணநீர்க் கலங்கள் கொத்துக் கொத்தாக அடைந்திருந்தன. சுவீடன் நாட்டுக் கண்வைத்தியர் ஹென்ரிக் ஷோகிரன் 1933இல் தம் ஆய்வேட்டில் விவரித்த நோய் இது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பிகளையே தாக்குவதால் வருவது. நடுவயதுப் பெண்களின் நோயாகவே அதைப் படித்தோம். பிள்ளைகளில் அது வாய் உலர்வதாக அல்லாமல், திரும்பத் திரும்ப வரும் கன்ன வீக்கமாகவே பெரும்பாலும் முதலில் தலைகாட்டும்.

இனி மாமனின் கேள்விக்கு வருகிறேன். சுரப்பி கெட்டிருக்கிறது, எலும்பும் வளரவில்லை. இடையில் ஒரு ஹோர்மோன் இருக்கக்கூடாதா? இது படிக்காதவனின் கேள்வி என்று தள்ளக்கூடியது அல்ல. தோக்கியோ பல்கலைக்கழகத்து நோயியல் பேராசிரியர் ஒகாட்டா தொமொசாபுரோவும் அவருடைய குழுவினரும் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதே கேள்வியைத்தான் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார்கள். மாட்டின் கன்னச் சுரப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அதற்குப் பரோட்டின் என்று பெயரிட்டார்கள். முயலுக்கு ஊசியாகப் போட்டால் இரத்தத்தின் கல்சியம் இறங்கியது. பல்லின் உட்பகுதியான தந்தினியிலும் எலும்பிலும் கல்சியம் படிவது கூடியது என்று எழுதினார்கள். வாய்க்குள் நீரை ஊற்றும் சுரப்பி, இரத்தத்துக்குள் ஹோர்மோனையும் விடுகிறது என்பது அவர்களின் துணிபு. ஜப்பானில் அது மருந்தாகவும் பயன்பட்டது. ஆனால் ஹோர்மோன் என்ற பெயருக்கு உரிமை கோர, சுரப்பியை எடுத்தால் குறை தோன்றவேண்டும், பொருளைக் கொடுத்தால் குறை தீரவேண்டும், அப்பொருள் இரத்தத்தில் அளக்கத்தக்கதாக இருக்கவேண்டும், அதை ஏற்கும் வாங்கி கலங்களில் காணப்படவேண்டும். இன்சுலின் இந்தப் படிகளையெல்லாம் ஏறியது, பரோட்டின் ஏறவில்லை. இன்றைய அகச்சுரப்பியியல் பாடநூல்களின் ஹோர்மோன் வரிசையில் அதற்கு இடமில்லை.

அதற்காகச் சுரப்பி வெறும் நீர்க்குழாய் என்றும் ஆகிவிடாது. 1962இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்ரான்லி கோஹன் ஆண் சுண்டெலியின் தாடையடிச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசியாகப் போட்டபோது, பிறந்து 12 முதல் 14 நாளில் திறக்கவேண்டிய கண்ணிமை 6, 7 நாளிலேயே திறந்தது. முன்பற்களும் சில நாட்கள் முந்தி முளைத்தன. 53 அமினோ அமிலங்களாலான அந்தப் பொருளே மேற்றோல் வளர்ச்சிக் காரணி. அதே சுரப்பியில் நரம்பு வளர்ச்சிக் காரணியும் மிகுந்து கிடந்தது. இந்த வேலைக்காக 1986இல் கோஹனும், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீற்றா லெவி மொந்தல்சினியும் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். மாமன் வாசித்த கட்டுரையின் வேர் இந்த இரண்டு கதைகளையும் கலந்ததாக இருக்கவேண்டும் என்பது என் ஊகம். அந்தக் கட்டுரை விட்டுவிட்ட ஒன்று உண்டு: பல் முந்தி முளைத்த அந்தக் குட்டிகள் உடல் பெருத்து வளரவில்லை, நிறையில் பின்தங்கவே செய்தன. வளர்ச்சிக் காரணி என்ற பெயரை உயரம் கூட்டும் காரணி என்று வாசிப்பதில்தான் பிழை நேர்கிறது. தோலையும் வாயின் உட்படலத்தையும் ஆற்றுவதில் அதற்குப் பங்குண்டு. உயரத்தை முதன்மையாக நிர்ணயிப்பது மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் வளர்ச்சி ஹோர்மோனும், அதன் ஏவலில் ஈரலிலும் எலும்பிலும் உண்டாகும் காரணியும்.

உமிழ்நீர்ச் சுரப்பி இல்லாததால் எலும்பு கெடுவதில்லை என்பதற்கு மனிதர்களிலும் ஒரு சான்று உண்டு. எஃப்ஜிஎஃப்10 என்னும் மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இல்லாமலே பிள்ளைகள் பிறப்பதுண்டு என்று 2005இல் தெரியவந்தது. அவர்களுக்கு வாய் உலர்ந்து பற்கள் சிதைகின்றன. ரிக்கெற்ஸ் அவர்களுடைய நோயின் பகுதி அல்ல.

இந்தச் சிறுமியின் உடலில் சுரப்பியும் எலும்பும் சந்திக்கும் இடம் சிறுநீரகம். உமிழ்நீர்ச் சுரப்பியைத் தாக்கிய அதே எதிர்ப்பு அழற்சி, சிறுநீரகச் சேகரிப்புக் குழாய்களில் அமிலத்தை வெளியே இறைக்கும் கலங்களையும் முடக்கியிருந்தது. சாப்பாட்டிலிருந்து நாள்தோறும் சேரும் அமிலத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போனபோது, உடல் அதைச் சமன்செய்ய எலும்பில் சேமித்த காரத்தை எடுத்துச் செலவழித்தது. எலும்பு கரைந்து கல்சியம் இரத்தத்துக்கு வந்தது. அமில இரத்தம் சிறுநீரகத்தில் கல்சியத்தைப் பிடித்துவைக்க விடாததால் அது சிறுநீரில் போனது. போகும் வழியிலேயே படிந்து சிறுநீரகத்தையும் கெடுத்தது. எலும்பைக் கட்டும் கலங்கள் அமிலத்தில் சோர்ந்தன, அரிக்கும் கலங்கள் விழித்தன, வளர்ச்சி ஹோர்மோனின் ஏவலும் மழுங்கியது. கூடவே பொட்டாசியமும் ஒழுகியதால் ஒரு விடியலில் தசைகள் வேலைநிறுத்தம் செய்தன. சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றலும் போனதால் இரவு நான்கு தடவை டோர்ச் வெளிச்சத்தில் நடக்கவேண்டியதாயிற்று. ஒரே கயிற்றில் எல்லா முடிச்சுகளும் இருந்தன.

சிகிச்சையில் வரிசை முக்கியம். அமிலத்தைக் கண்டவுடன் பைகாபனேற்று ஏற்றும் ஆசை இளம் வைத்தியர்களுக்கு வரும். பொட்டாசியம் 2.1ஆக இருக்கும்போது அதைச் செய்தால், பொட்டாசியம் கலங்களுக்குள் புகுந்து இரத்தத்தில் இன்னும் இறங்கி, மூச்சுத் தசையும் இதயமும் நின்றுபோகக்கூடும். அதனால் பொட்டாசியம் 3ஐத் தாண்டிய பிறகே காரத்தைத் தொடங்கினோம்: சோடியம் பைகாபனேற்று மாத்திரையும் பொட்டாசியம் சிற்றேட் கலவையும், நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 3 மில்லிச் சமானம், நான்கு வேளையாகப் பிரித்து. விற்றமின் டி பெருமளவில் கொடுக்கவில்லை. சிறுநீரில் ஏற்கெனவே கல்சியம் ஒழுகும் பிள்ளைக்கு அது சிறுநீரகப் படிவைக் கூட்டிவிடும். மூட்டுவாத வைத்திய நிபுணரின் ஆலோசனைப்படி எதிர்ப்பு அழற்சியைத் தணிக்க ஹைட்ரொக்சிகுளோரோகுயினும், சில கிழமைகளுக்குக் குறைந்த அளவில் பிரெட்னிசொலோனும் சேர்க்கப்பட்டன.

கலவையின் சுவைதான் பெரிய தடையாக இருந்தது. உப்பும் கசப்பும் கலந்த அதை, உமிழ்நீர் இல்லாத வாயில் விழுங்கினால் சுவை போகாமல் தங்கிவிடும். இரண்டாம் மாதம் பைகாபனேற்று மறுபடி 15க்கு இறங்கியபோது, பாடசாலையில் குடிக்கவேண்டிய மதிய வேளையை அவள் தவிர்த்துவந்தது தெரிந்தது. குளிர்ந்த தேசிக்காய்த் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம் என்று வார்ட் தாதி சொன்ன யோசனை எங்கள் எல்லாருடைய அறிவுரையையும் விட நன்றாக வேலைசெய்தது. தேசிக்காய்ப் புளிப்பு பல்லுக்குக் கூடாது என்று பல்வைத்தியர் எதிர்த்தார்; உறிஞ்சுகுழாயால் குடித்துப் பிறகு வாயைக் கொப்பளிப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது.

ஆறு மாதத்தில் பைகாபனேற்று 22ஐ எட்டி நிலைத்தது. அல்கலைன் பொஸ்படேஸ் பாதியாக இறங்கியது. எக்ஸ்ரேயில் சிலும்பிய ஓரங்களில் புதிய வெள்ளைக் கோடு விழுந்தது. பன்னிரண்டாம் மாத முடிவில் உயரம் 130 சென்ரிமீற்றர். சிகிச்சைக்கு முந்திய 14 மாதங்களில், என் கையால் எழுதிய உயரத்தோடு ஒப்பிட்டால், அவள் வளர்ந்திருந்தது 2 சென்ரிமீற்றர்தான்.

இந்த ஓராண்டிலும் உமிழ்நீர் திரும்பவில்லை. வாய் திறந்து 5 நிமிடம் கிண்ணத்தில் வடியவிட்டு அளந்தபோது தொடக்கத்தில் இருந்த அளவே முடிவிலும் இருந்தது: நிமிடத்துக்கு 0.1 மில்லிலீற்றரை எட்டவில்லை. சுரப்பி கெட்டபடியே கிடக்க, மலிவான காரம் ஒன்றைக் கொடுத்ததும் எலும்பு எழுந்துகொண்டது. சுரப்பியின் ஹோர்மோன் குறைந்ததுதான் காரணம் என்றால் இது நடந்திருக்காது. இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் எழுதிவிடுகிறேன். வாயில் ஊறும் நீர் வற்றியதைக் கொண்டு, சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருள்களும் அதே அளவில் வற்றின என்று கொள்ள முடியாது. அவற்றை நாங்கள் அளக்கவில்லை. ஒரு பிள்ளையின் உடம்பைக் கொண்டு பரோட்டினுக்குத் தீர்ப்பெழுத எனக்கு உரிமை இல்லை. இந்தப் பிள்ளையின் எலும்புக்கு அது தேவைப்படவில்லை என்பது மட்டும் தெளிவு.

சிறுநீரகத்தில் படிந்த கல்சியம் அப்படியே இருக்கிறது. அது கரையாது, கூடாமல் பார்க்கவேண்டும். காரம் வாழ்நாள் முழுவதற்கும் வேண்டும். ஆறு மாதத்துக்கொரு தடவை ஸ்கானும், ஆண்டுக்கொரு தடவை கண் பரிசோதனையும் குறிக்கப்பட்டுள்ளன. கீழ் முன்பற்கள் நான்கும் அடைக்கப்பட்டு, புளோரைட்டுப் பூச்சு மூன்று மாதத்துக்கொரு தடவை நடக்கிறது. வகுப்பில் தண்ணீர்ப் போத்தல் வைத்துக்கொள்ளவும், கேட்டவுடன் வெளியே போகவும் அனுமதிக்கும்படி பாடசாலை அதிபருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி கிளினிக் கொப்பியில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில், இந்தத் தடவை கோட்டிலும் குறிக்கப்பட்ட உயரம்.